குளிரைக் காத்த குடுவை

சுடுநீர்க்குடுவை இல்லாத வீட்டைக் காண்பது அரிது. காலையில் ஊற்றி வைத்த தேநீர் நண்பகலிலும் ஆவி பறக்க இருக்கிறது. அதே குடுவையில் பனிக்கட்டி போட்ட நீரை ஊற்றினால் அது மாலைவரை சில்லென்று இருக்கிறது. சூட்டைக் காக்கும் பாத்திரம் என்றுதான் பலரும் இதை நினைக்கிறார்கள். ஆனால் இது முதன்முதலில் செய்யப்பட்டது சூட்டைக் காப்பதற்காக அன்று, கடுங்குளிரைக் காப்பதற்காக. அதைச் செய்தவர் ஜேம்ஸ் டியூவர் என்னும் ஸ்காட்லாந்து அறிவியலாளர்.

பனியில் விழுந்த சிறுவன்

ஜேம்ஸ் டியூவர் 1842ஆம் ஆண்டு செப்டம்பர் 20ஆம் நாள் ஸ்காட்லாந்தில் கின்கார்டின் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் ஃபோர்த் ஆற்றங்கரையில் இருக்கிறது. அவருடைய தந்தை தாமஸ் அங்கு ஒரு விடுதியை நடத்தி வந்தார். ஜேம்ஸ் வீட்டின் கடைக்குட்டி.

அவருக்குப் பத்து வயது இருக்கும்போது ஒரு விபத்து நேர்ந்தது. குளிர்காலத்தில் உறைந்துபோயிருந்த குளத்தின் மேல் நடந்தபோது பனிப்படலம் உடைந்தது. சிறுவன் உறைநீரில் விழுந்தான். உயிர் தப்பினாலும் கடுமையான வாதக் காய்ச்சல் அவனைப் பற்றிக்கொண்டது. நெடுநாள் பள்ளிக்குச் செல்ல முடியவில்லை. ஊன்றுகோலின் உதவியோடுதான் நடமாட முடிந்தது. அவன் விரும்பி வாசித்த புல்லாங்குழலையும் கைவிட வேண்டியதாயிற்று.

ஓடியாடி விளையாட முடியாத அந்த நாள்களில் ஜேம்ஸ் ஊரிலிருந்த தச்சரின் பட்டறையில் பொழுதைக் கழித்தான். அவரிடம் வயலின் செய்யக் கற்றுக்கொண்டான். மெல்லிய மரத்தகட்டைச் செதுக்குவதற்கும் வளைப்பதற்கும் ஒட்டுவதற்கும் பொறுமை வேண்டும். விரல்களில் நுட்பம் வேண்டும். நோயால் தளர்ந்திருந்த கைகளுக்கு அந்த வேலை நல்ல பயிற்சியாக அமைந்தது. பிற்காலத்தில் பிறரால் செய்ய முடியாத சோதனைகளைத் தம் கைகளால் செய்து காட்டியபோது, அத்திறமைக்கு அந்தத் தச்சுப் பட்டறையே காரணம் என்று அவர் கருதினார்.

துன்பம் அத்துடன் நிற்கவில்லை. பதினைந்து வயதுக்குள் தாயையும் தந்தையையும் அவர் இழந்தார். எனினும் படிப்பை விடவில்லை. டாலர் என்னும் ஊரிலுள்ள பள்ளியில் பயின்று, பின்னர் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கு வேதியியல் பேராசிரியர் லயன் பிளேஃபேர் அவருடைய திறமையைக் கண்டு தம் உதவியாளராக அமர்த்திக்கொண்டார். 1871இல் டியூவர் ஹெலன் ரோஸ் பேங்க்ஸ் என்னும் பெண்மணியை மணந்தார். 1875இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலும், 1877இல் லண்டனில் உள்ள ராயல் கழகத்திலும் பேராசிரியர் ஆனார். இறுதிவரை இவ்விரு பதவிகளையும் அவர் வகித்தார்.

குளிரைத் தேடிய பயணம்

ராயல் கழகம் அறிவியல் உலகில் புகழ்பெற்ற இடம். மைக்கேல் ஃபாரடே பல ஆண்டுகள் பணியாற்றிய ஆய்வுக்கூடம் அங்குதான் இருந்தது. ஃபாரடே குளோரின் உள்ளிட்ட பல வாயுக்களைத் திரவமாக மாற்றியிருந்தார். ஆனால் ஆக்சிஜன், நைட்ரஜன், ஹைட்ரஜன் போன்ற சில வாயுக்கள் மட்டும் எவ்வளவு அழுத்தினாலும் திரவமாகவில்லை. அவற்றைத் திரவமாக்கவே முடியாதோ என்ற ஐயம் பலருக்கு இருந்தது.

அவற்றைத் திரவமாக்கத் தேவைப்பட்டது மிகக் கடுமையான குளிர். 1877ஆம் ஆண்டின் இறுதியில் பிரான்சிலும் சுவிட்சர்லாந்திலும் இருவர் தனித்தனியே ஆக்சிஜனைச் சிறு அளவில் திரவமாக்கினர். 1883இல் போலந்து அறிவியலாளர் இருவர் அதைக் கண்ணால் பார்க்கும்படி ஒரு குழாயில் சேகரித்தனர். டியூவரும் இந்தப் போட்டியில் இறங்கினார். சில ஆண்டுகளில் அவர் உருவாக்கிய இயந்திரம் திரவ ஆக்சிஜனைத் தாராளமாகத் தந்தது.

இப்போது ஒரு புதிய சிக்கல் எழுந்தது. திரவ ஆக்சிஜன் சுழியத்துக்குக் கீழே 183 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது. நமக்குக் குளிராகத் தோன்றும் அறைகூட அதற்கு அடுப்பைப் போன்றது. கண்ணாடிக் கலத்தில் ஊற்றியதுமே அது கொதித்து ஆவியாகிவிடும். கலத்தின் வெளிப்புறத்தில் உறைபனி படர்ந்து, உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். பெரும்பாடுபட்டுச் செய்த ஒன்றை ஆராய்வதற்குள் அது காற்றில் கலந்துவிட்டால் என்ன பயன்? குளிரை உண்டாக்குவது ஒரு வேலை என்றால், உண்டாக்கிய குளிரை வைத்திருப்பது மற்றொரு வேலையாக இருந்தது.

ஒன்றுமில்லாத இடத்தின் வலிமை

டியூவர் வெப்பம் எவ்வாறு பயணம் செய்கிறது என்பதைச் சிந்தித்தார். வெப்பத்திற்கு மூன்று வழிகள் உள்ளன. சூடான பாத்திரத்தில் வைத்த கரண்டியின் பிடி சுடுவதைப்போல, ஒரு பொருளின் வழியாக வெப்பம் கடந்து செல்லும். இது கடத்தல். சூடான காற்றோ நீரோ நகர்ந்து வெப்பத்தைச் சுமந்து செல்லும். இது சலனம். வெயிலில் நிற்கும்போது உணர்வதுபோல, எந்தப் பொருளின் துணையும் இல்லாமல் வெப்பம் பரவும். இது கதிர்வீச்சு.

முதல் இரண்டு வழிகளுக்கும் இடையில் ஏதேனும் ஒரு பொருள் இருந்தாக வேண்டும். அந்தப் பொருளையே நீக்கிவிட்டால்? 1870களிலேயே டியூவர் தம் ஆய்வொன்றில் வெற்றிடம் சூழ்ந்த உலோகக் கலத்தைப் பயன்படுத்தியிருந்தார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து அந்தப் பழைய எண்ணம் அவருக்குக் கைகொடுத்தது. 1892இல் அவர் ஒரு கண்ணாடிக் குடுவைக்குள் இன்னொரு கண்ணாடிக் குடுவையை வைத்து, இரண்டின் வாய்களையும் ஒன்றாக இணைத்து, நடுவில் இருந்த காற்றை வெளியேற்றினார். கடத்தலும் சலனமும் பெருமளவு தடைபட்டன. சுவர்களுக்கு வெள்ளிப் பூச்சுப் பூசியபோது, கண்ணாடி முகத்தைத் திருப்பிக் காட்டுவதுபோல அது கதிர்வீச்சையும் திருப்பி அனுப்பியது.

அக்குடுவையில் ஊற்றிய திரவ ஆக்சிஜன் அமைதியாக இருந்தது. முன்பு சிறிது நேரத்தில் மறைந்துபோன திரவத்தை இப்போது பல மணி நேரம் வைத்திருக்க முடிந்தது. வெள்ளி பூசாத குடுவையில் வைத்தால், வெளிர்நீல நிறத்தில் இருக்கும் அதைத் தெளிவாகக் காணவும் முடிந்தது.

பின்னர் 1905ஆம் ஆண்டளவில் அவர் குடுவையை மேலும் செம்மைப்படுத்தினார். அதற்கு உதவியது தேங்காய்ச் சிரட்டைக் கரி! நன்கு குளிர்ந்த சிரட்டைக் கரி, தன்னைச் சுற்றியுள்ள வாயுவை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். காற்றை வெளியேற்றிய பிறகும் எஞ்சியிருக்கும் சிறிதளவு வாயுவை அகற்ற அவர் அதைப் பயன்படுத்தினார். நம் வீடுகளில் தூக்கி எறியப்படும் சிரட்டைக்கு இப்படியும் ஒரு பயன் இருந்தது.

வெற்றியும் இழப்பும்

தம் குடுவையின் துணையோடு டியூவர் அடுத்த இலக்கை நோக்கிச் சென்றார். 1898ஆம் ஆண்டு மே மாதம் 10ஆம் நாள், உலகிலேயே முதன்முறையாக ஹைட்ரஜனைத் திரவமாகச் சேகரித்தார். அதன் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே ஏறத்தாழ 253 டிகிரி. அடுத்த ஆண்டே அதைத் திடப்பொருளாகவும் உறையச் செய்தார்.

இந்த வெற்றிகள் எளிதில் கிடைக்கவில்லை. உயர் அழுத்தத்தில் வேலை செய்யும் இயந்திரங்கள் சில வேளைகளில் வெடித்தன. அவருடைய உதவியாளர்கள் இருவர் அத்தகைய விபத்துகளில் ஆளுக்கு ஒரு கண்ணை இழந்தனர். டியூவரின் பெயர் வரலாற்றில் நின்றதற்குப் பின்னால் அவர்களின் இழப்பும் இருக்கிறது.

எஞ்சியிருந்தது ஹீலியம் என்னும் வாயு மட்டுமே. அதையும் தாமே திரவமாக்க வேண்டும் என்று டியூவர் பெரிதும் விரும்பினார். ஆனால் அந்நாளில் ஹீலியம் கிடைப்பது மிக அரிது. ஹீலியத்தைப் பற்றி நன்கு அறிந்திருந்த வில்லியம் ராம்சே அதே லண்டன் மாநகரில்தான் ஆய்வு செய்துகொண்டிருந்தார். இருவரும் சேர்ந்து உழைத்திருந்தால் வெற்றி கிடைத்திருக்கக்கூடும். ஆனால் அவர்களுக்குள் மனக்கசப்பு இருந்தது. டியூவர் எளிதில் கோபப்படுபவர். பிறரோடு இணைந்து செயல்படுவதில் நாட்டம் இல்லாதவர். 1908ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் நெதர்லாந்தின் லைடன் நகரில் ஹைக்க காமர்லிங் ஓனஸ் ஹீலியத்தைத் திரவமாக்கினார். அவர் நல்ல தொழில்நுட்பர்களைப் பயிற்றுவித்து, ஒரு பெரிய குழுவாக உழைத்தவர். அவர் தம் ஆய்வில் பயன்படுத்தியதும் டியூவர் வகைக் குடுவையைத்தான். அவருக்கு 1913இல் நோபல் பரிசு கிடைத்தது. டியூவருக்கு அப்பரிசு கடைசிவரை கிடைக்கவில்லை.

காப்புரிமை பெறாத கண்டுபிடிப்பு

டியூவர் தம் குடுவையை ஆய்வுக்கூடக் கருவியாகவே பார்த்தார். அதற்குக் காப்புரிமை பெற வேண்டும் என்று அவர் எண்ணவில்லை. மற்ற நாட்டு ஆய்வாளர்கள் அதைப் பார்த்துத் தாங்களும் செய்துகொண்டார்கள்.

ஜெர்மனியில் ரைன்ஹோல்ட் பர்கர் என்னும் கண்ணாடித் தொழில் வல்லுநர் இருந்தார். இத்தகைய குடுவைகளைச் செய்து பழகிய அவர், வீட்டுப் பயன்பாட்டுக்கும் இது உதவும் என்பதைக் கண்டுகொண்டார். எளிதில் உடையும் கண்ணாடியைச் சுற்றி உலோக உறை அமைத்து, 1903இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அடுத்த ஆண்டு 'தெர்மாஸ்' என்னும் பெயரில் அது விற்பனைக்கு வந்தது. விரைவில் உலகெங்கும் பரவியது. டியூவர் வழக்குத் தொடுத்தார். ஆனால் காப்புரிமை இல்லாததால் வழக்கில் அவரால் வெல்ல முடியவில்லை. கோடிக்கணக்கில் விற்பனையான அந்தக் குடுவையால் அவர் பொருள் ஈட்டவில்லை. இன்றும் ஆய்வுக்கூடங்களில் அதை 'டியூவர் குடுவை' என்று அழைக்கிறார்கள். அவருக்குக் கிடைத்தது அந்தப் பெயர் மட்டுமே.

மருந்தின் வழித்துணை

ஆய்வுக்கூடத்தையும் சமையலறையையும் கடந்து, குடுவை மருத்துவத்துக்கும் வந்து சேர்ந்தது. அதன் அருமையை உணர, அது இல்லாத காலத்தைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். பெரியம்மைத் தடுப்பு மருந்து ஐரோப்பாவிலிருந்து இந்தியாவுக்கு வர வேண்டியிருந்தபோது, நூலில் தோய்த்து அனுப்பிய மருந்து வழியிலேயே வெப்பத்தால் வீரியம் இழந்தது. பலமுறை முயன்ற பிறகு, பாக்தாத் வழியாக ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு அம்மைப்பாலை மாற்றி மாற்றிக் கொண்டுவந்தனர். 1802ஆம் ஆண்டு ஜூன் மாதம் பம்பாயில் மூன்று வயதுச் சிறுமி ஒருத்திக்கு அது போடப்பட்டது. மருந்து கெடாமல் இருக்க மனித உடலையே கலமாகப் பயன்படுத்த வேண்டியிருந்தது.

1922ஆம் ஆண்டு ஜனவரி மாதம், கனடாவின் டொரோண்டோ நகரில் நீரிழிவு நோயால் வாடிய 14 வயதுச் சிறுவனுக்கு இன்சுலின் ஊசி போடப்பட்டது. அதுவரை உயிர்க்கொல்லியாக இருந்த நோய், அன்றுமுதல் கட்டுப்படுத்தக்கூடியதாக மாறியது. இன்சுலினைக் கண்டறிந்தவர்கள் காப்புரிமையைப் பெற்று, அதை ஆளுக்கு ஒரு டாலருக்கு டொரோண்டோ பல்கலைக்கழகத்திடம் கொடுத்துவிட்டார்கள். காப்புரிமையே பெறாமல் விட்டவர் ஒருவர். பெற்றும் பிறருக்காகக் கொடுத்தவர்கள் வேறு சிலர். இவ்விரு கண்டுபிடிப்புகளும் பின்னர் ஒன்றுக்கொன்று துணையாயின.

இன்சுலின் ஒரு புரதம். முட்டையை வேகவைத்தால் அதன் வெள்ளைக்கரு மாறிவிடுவதுபோல, வெப்பம் புரதத்தின் வடிவத்தைக் குலைத்துவிடும். வடிவம் குலைந்த இன்சுலின் உடலில் முறையாக வேலை செய்யாது. பார்வைக்குத் தெளிவாக இருந்தாலும் அதன் வீரியம் குறைந்திருக்கலாம். எனவே திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி வரையிலான குளிரில் வைக்க வேண்டும். அதே வேளையில் அது உறைந்துவிடவும் கூடாது. உறைந்து உருகிய இன்சுலினும் பயன்படாது. பயன்பாட்டில் உள்ள இன்சுலின், அதன் வகையைப் பொறுத்து, ஏறத்தாழ நான்கு வாரம்வரை அறை வெப்பநிலையில் இருக்கலாம். ஆனால் நேரடி வெயிலும் மூடிய காரின் வெக்கையும் அதற்கு ஆகாது.

வீட்டில் குளிர்பதனப் பெட்டி இருக்கிறது. பயணத்தில்? இன்சுலின் போட்டுக்கொள்பவர் ஒருவர் துவாஸ் இரண்டாம் பாலத்தின் வழியாக ஜொகூருக்குச் செல்வதாக வைத்துக்கொள்வோம். 1998இல் திறக்கப்பட்ட அப்பாலத்தில் பள்ளி விடுமுறைக் காலத்தில் வாகனங்கள் நீண்ட வரிசையில் ஊர்ந்து செல்லும். வெளியே 30 டிகிரிக்கு மேல் வெயில். அந்த நேரத்தில் ஒரு வெற்றிடக் குடுவை அவருக்குக் கைகொடுக்கும். முதலில் குடுவையில் குளிர்ந்த நீரை ஊற்றிச் சிறிது நேரம் வைத்து, உட்புறத்தைக் குளிர வைக்க வேண்டும். பிறகு நீரைக் கொட்டிவிட்டு ஈரத்தைத் துடைக்க வேண்டும். குளிரூட்டும் பொதியைத் துணியில் சுற்றி உள்ளே வைத்து, மருந்து அதை நேரடியாகத் தொடாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். பனிக்கட்டியின் மேலேயே மருந்தை வைத்தால் அது உறைந்துவிடக்கூடும்.

விமானப் பயணத்திலும் இதே கவனம் தேவை. சரக்கு அறையில் ஏற்றப்படும் பெட்டிக்குள் மருந்தை வைக்கக் கூடாது. அங்கு வெப்பநிலை மிகக் குறைந்துவிடலாம்; பெட்டி தொலைந்தும் போகலாம். மருந்தைக் கைப்பையிலேயே எடுத்துச் செல்ல வேண்டும். ஊசி இருப்பதால் மருத்துவரின் கடிதத்தையும் உடன் வைத்திருப்பது நல்லது.

மின்வசதி குறைந்த சிற்றூர்களில் வாழ்பவர்கள் மண்பானையை நாடுகிறார்கள். பானையின் நுண்துளைகளின் வழியாகக் கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. அதனால் பானையின் உட்புறம் குளிர்கிறது. வறண்ட காற்று வீசும் ஊர்களில் இம்முறை நன்கு பயன்படுகிறது. சிங்கப்பூரைப்போல ஈரப்பதம் மிகுந்த இடங்களில் நீர் எளிதில் ஆவியாகாததால் இதன் பயன் குறைவு. மண்பானை குளிரை உண்டாக்குகிறது. டியூவரின் குடுவையோ குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே வைத்த குளிரை வெளியே போகவிடாமல், அதாவது வெளி வெப்பத்தை உள்ளே வரவிடாமல் தடுக்கிறது. ஆகவே குடுவைக்குள் வைத்த பொதியின் குளிர்ச்சி குறைந்ததும் அதை மாற்ற வேண்டும். இதை அறிந்தவரே குடுவையைச் சரியாகப் பயன்படுத்த முடியும்.

சிங்கப்பூரின் மேற்கு முனையான துவாஸில் உயிர்மருத்துவப் பூங்கா இருக்கிறது. அங்குள்ள தொழிற்சாலைகளில் மருந்துகளும் தடுப்பூசிக்கான பொருள்களும் தயாரிக்கப்படுகின்றன. இத்தகைய மருந்துகள் தொழிற்சாலையிலிருந்து புறப்பட்டு நோயாளியின் கைக்கு வரும்வரை உரிய குளிரிலேயே இருக்க வேண்டும். சேமிப்புக் கிடங்கு, லாரி, விமானம், மருந்தகம் எனத் தொடரும் இந்த ஏற்பாட்டைக் குளிர்ச்சங்கிலி என்பார்கள். சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் மருந்து வீணாகும்.

2015இல் மேற்கு ஆப்பிரிக்காவின் கினி நாட்டில் எபோலா நோய்க்கான தடுப்பூசி சோதிக்கப்பட்டது. அதைச் சுழியத்துக்குக் கீழே 60 டிகிரியைவிடக் கூடுதலான குளிரில் வைக்க வேண்டியிருந்தது. மின்சாரம் எட்டாத சிற்றூர்களுக்கு அதைக் கொண்டுசேர்த்த கலன்களும் டியூவர் குடுவையின் தத்துவத்தில் அமைந்தவையே. திரவ ஆக்சிஜனுக்காக ஒருவர் சிந்தித்த வழி, நூறு ஆண்டுகளுக்குப் பிறகு மனித உயிர்களைக் காக்கும் பணியில் உதவியது.

இறுதி நாள்கள்

டியூவருக்குப் பெருமைகள் பல வந்தன. 1894இல் ராயல் சங்கத்தின் ரம்ஃபோர்டு பதக்கமும், 1904இல் சர் பட்டமும், 1916இல் கோப்ளி பதக்கமும் அவருக்கு வழங்கப்பட்டன. முதல் உலகப் போர் தொடங்கியதும் அவருடைய ஆய்வுக்கூடத்தில் ஆள்பலம் குறைந்தது; பெரிய இயந்திரங்கள் ஓய்ந்தன. அப்போதும் அவர் சும்மா இருக்கவில்லை. எளிய பொருள்களே போதும் என்று சோப்புக் குமிழிகளை ஆராயத் தொடங்கினார். எளிதில் உடையும் குமிழிகளை நெடுநாள் உடையாமல் வைத்திருக்கும் முறைகளைக் கண்டார். நிலைக்காது என்று மற்றவர்கள் விட்டுவிடும் ஒன்றை நிலைக்கச் செய்வதில் அவருக்கு அப்போதும் ஆர்வம் குறையவில்லை.

1923ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் நாள், தம் எண்பதாம் வயதில், பதவியில் இருக்கும்போதே டியூவர் லண்டனில் காலமானார். இன்சுலின் பரவலாக நோயாளிகளைச் சென்றடையத் தொடங்கிய ஆண்டு அது. தம் குடுவை அந்த மருந்துக்கு வழித்துணையாகப் போவதை அவர் அறிந்திருக்க வாய்ப்பில்லை.

அவர் குறையற்றவர் அல்லர். அவருடைய கோபம் நல்ல துணைவர்களை அவரிடமிருந்து விலக்கியது. விரும்பிய பரிசும் பொருளும் அவருக்குக் கிட்டவில்லை. ஆயினும் பனியில் விழுந்து ஊன்றுகோலோடு நடந்த சிறுவன், கைகளால் பொறுமையாகச் செய்யக் கற்ற வேலையை வாழ்நாள் முழுவதும் விடவில்லை. அதன் பயனை இன்று, அவர் பெயரைக்கூட அறியாத பலர், தங்கள் பயணப் பைகளில் எடுத்துச் செல்கிறார்கள்.

சிந்தித்துக் கலந்துரையாடுக

1. நோயுற்றிருந்த காலத்தில் டியூவர் கற்ற தொழில் அவருடைய ஆய்வுகளுக்கு எவ்வாறு உதவியது?

2. மண்பானைக்கும் வெற்றிடக் குடுவைக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக. துவாஸிலிருந்து ஜொகூருக்கு இன்சுலினை எடுத்துச் செல்பவருக்கு எது பொருத்தமானது? ஏன்?

3. டியூவர் தம் குடுவைக்குக் காப்புரிமை பெற்றிருக்க வேண்டும் என்று கருதுகிறீர்களா? இன்சுலினைக் கண்டறிந்தவர்களின் செயலோடு ஒப்பிட்டு உங்கள் கருத்தைக் கூறுக.